குலாய் பக்கம் ஒரு நேயர் விருப்பம்

"பசியாறிட்டீங்களா?"

ஜொகூர் பாருவுக்கு வந்த மூன்றாம் நாள், லிஃப்டில் கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. என் முகத்தில் அவ்வளவு பட்டினி தெரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறல் என்று பெயர் என்பது பிறகுதான் புரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாய்ப் பழகியது. ரிங்கிட்டுக்கு வெள்ளி. குடியிருப்புப் பகுதிக்கு தாமான். ரோட்டுக்குப் பெரியவர்கள் சடக்கு என்பார்கள். ரப்பர் மரம் பால்மரம். பாளையங்கோட்டையில் பிறந்து, பத்து வருடம் எஃப்.எம்.மில் தமிழ் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். இங்கே வந்து தமிழில் பாதியைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

2022 கடைசியில் வந்தோம். கணவர் குளிரூட்டும் பிரிவில் பொறியாளர். ஜொகூரில் இப்போது தரவு மையங்கள் மழைக்காளான்கள் மாதிரி முளைக்கின்றன. சிங்கப்பூரில் நிலமும் மின்சாரமும் கிராக்கி, பாலத்தைத் தாண்டினால் இரண்டும் கிடைக்கிறது என்பதுதான் காரணம். குலாய் பக்கம் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில், ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடங்களின் சூட்டைத் தணிப்பது என் வீட்டுக்காரர் வேலை. எனக்கு வேலை இல்லை. என் பாஸ்போர்ட்டில் இருப்பது டிபென்டன்ட் பாஸ், அதாவது சார்ந்திருப்பவர். அதை வைத்துக்கொண்டு வேலை தேட முடியாது. காலை ஏழு மணிக்கு மைக்கைத் திறந்தால் பதினொன்று வரை மூடாத வாய்க்கு இது பெரிய தண்டனை. முதல் இரண்டு மாதம் குக்கரிடமும் துணிக்கொடியிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜொகூர் பாருவின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தில்தான் ஓடுகிறது. 1923இல் முதல் ரயில் ஓடி, 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது. இருட்டு பிரிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூரை நோக்கி நகர்வதைப் பார்க்க வேண்டும். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளிக்கும் மேல் கிடைக்கிறது என்றால் யார்தான் தூங்குவார்கள்? எங்கள் தளத்திலேயே நான்கு வீடுகளில் அப்பாக்களை சனி, ஞாயிறுதான் வெளிச்சத்தில் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் அக்கரை சேர்க்கும் ஷட்டில் தெப்ராவ் ரயில் ஒன்றும் உண்டு. அதில் டிக்கெட் எடுப்பது, தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பதற்குச் சமம்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் அழைத்துப்போகும் இடம் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். 1922இல் சின்னதாகத் தொடங்கிய கோயில். சுவர், தூண், விதானம் எல்லாவற்றிலும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து 2009இல் திறந்தார்கள். சாயங்கால விளக்கில் உள்ளே நின்றால் நம் முகமே துண்டு துண்டாக நூறு இடத்தில் தெரியும். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் அந்தக் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மாவுக்கு, என் மாமியாரின் சர்க்கரை அளவு வரை தெரியும்.

அப்புறம் இந்த விடுமுறைக் குழப்பம். ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் எல்லாம் உண்டு. அதனால் எங்கள் சபையில் பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி வெள்ளிக்கிழமை நடந்தது. பேர் மட்டும் ஞாயிறு பள்ளி! 2025 ஜனவரியில்தான் பழையபடி சனி, ஞாயிறு ஆக்கினார்கள்.

அந்தச் சபைதான் என் வாயைக் காப்பாற்றியது. சின்னத் தமிழ்ச் சபை. கூடினால் அறுபது பேர். மலேசியாவில் ஊழியம் என்றால் எல்லை தெளிவாக உண்டு. முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த, அரசியலமைப்பின் 11ஆவது பிரிவே இடம் தருகிறது. ஆகவே இவர்கள் செய்வது பெரும்பாலும் கைவேலை. 2023 மார்ச்சில் வெள்ளம் வந்து ஜொகூரில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தபோது, பத்து பகாட் பக்கம் சோறு கட்டிக்கொண்டு போனோம். பக்கத்து அடுப்பில் கோயில் ஆட்கள், அதற்கடுத்து சீனப் பாட்டிமார். உப்பு யாருடையது, வெங்காயம் யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை.

வாரா வாரம் செய்வது முதியோர் இல்லச் சந்திப்பு. குலாயைத் தாண்டி ஒரு இல்லம். முப்பது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் தமிழர்கள், அநேகமாக எல்லோரும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை மதியம் கணவர் வேனை ஓட்டுவார், நகம் வெட்டுவார், கேட்க ஆளிருந்தால் கிடாரை எடுப்பார். (கேட்க ஆளிருக்காது.) யாராவது ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுவோம். சொல்லாவிட்டால் இல்லை.

முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எல்லோரும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், "வணக்கம் வணக்கம் நேயர்களே!" என்று எஃப்.எம். குரலில் ஆரம்பித்தேன். முன்வரிசைத் தாத்தா காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றோடு அந்தக் குரலை மடித்து வைத்துவிட்டேன். பேப்பர் வாசிப்பது என் வேலையானது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதை இவர்களில் சிலர் இன்னும் ஒரு சாவு மாதிரிதான் பேசுகிறார்கள். மற்ற நாளேடுகள் வருகின்றன. முதலில் எதை வாசிக்கச் சொல்வார்கள் தெரியுமா? மரண அறிவித்தல்கள். எந்தத் தோட்டம், யார் மகன், எங்கே அடக்கம். அரசியல் எல்லாம் அதற்கப்புறம்தான்.

வரிசையின் கடைசியில் ஒரு பாட்டி. வயது எண்பத்து நாலோ ஐந்தோ. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அவருக்கும் தெரியாது. பத்திரம் இல்லாததால்தான் அடையாள அட்டையும் சிவப்பு. இங்கே நீல அட்டை என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரவாசி. இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது. ஜொகூர் தோட்டத்தில் பிறந்து, ஜொகூர் மரத்தில் பால் எடுத்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் ஜொகூர் மண்ணில் புதைத்தவர். 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவோம் என்று 2018இல் அரசு அறிவித்தபோது, எந்தக் காகிதத்தை வைத்து விண்ணப்பிப்பது என்று சொல்லித்தரக்கூட அவர் பக்கத்தில் ஆள் இல்லை. "நீ எத்தன வருசத்துக்கு பாஸ் வாங்கியிருக்க கண்ணு?" என்று ஒருநாள் கேட்டார். இரண்டிரண்டு வருடமாகப் புதுப்பிக்கிறோம் என்றேன். "ஒங்கிட்டயாவது தேதி போட்டிருக்கு" என்றார்.

அப்பாவின் முகம் அவருக்கு ஞாபகமில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் அல்லவா, அதில் அவரும் ஒருவர். அப்போது தங்கச்சி தொட்டிலில். அம்மா பால்மரம் வெட்டி இருவரையும் வளர்த்திருக்கிறார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் இறுகியது. தோட்டத்தில் பாதி லயம் காலியானது. பாட்டியின் புருஷனிடம் நீல அட்டை இருந்ததால் இவர்கள் தங்கிவிட்டார்கள். தங்கச்சி குடும்பம் சிங்கப்பூரில் ரஜுலா கப்பல் ஏறியது. துறையூர்ப் பக்கம், மாமனார் ஊர். கொஞ்ச வருடம் கடிதம் வந்தது. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே யாரோ எழுத, இங்கே தோட்டத்துக் கிராணி வாசித்துக் காட்டுவார். பிறகு தோட்டம் கைமாறி, பால்மரத்தைச் சாய்த்து செம்பனை நட்டார்கள். ஆபீஸ் கட்டடத்தை இடித்தார்கள். கடிதம் வரும் முகவரியே அந்த ஆபீஸ்தான்.

இதையெல்லாம் நாலைந்து சனிக்கிழமைகளில் சொல்லி முடித்துவிட்டு, ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ரேடியோல பேசுனவதானே? என் தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்புடு கண்ணு."

என்ன பதில் சொல்வது? நான் பேசியது நெல்லையில், அவர் கேட்பது துறையூர். வேலையை விட்டும் ஒரு வருடமாகிவிட்டது. சபையில் மூத்த அண்ணன் ஒருவர், "வயசானவங்களுக்கு ஆசை காட்டாதீங்க சிஸ்டர், கிடைக்கலன்னா உடைஞ்சு போயிருவாங்க" என்றார். அதுவும் நியாயம்தான். திரும்பி வரும்போது வேனில் கணவரிடம் சொன்னேன். "பேரைச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது? சொல்லிப் பாரு" என்றார். அவர் இப்படித்தான், பைப்பில் ஒழுகல் இருந்தால் முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பார்.

விஸ்காமில் என்னோடு படித்த தோழி திருச்சியில் பண்பலையில் இருக்கிறாள். ஒப்புக்கொண்டாள். பெயர், தோட்டம், ரஜுலா கப்பல், அக்கா குலாய் பக்கம் இருக்கிறார் என்ற விவரம், அவ்வளவுதான். புதன்கிழமை காலை நேயர் விருப்பத்துக்கு நடுவில் இரண்டு தடவை. செவ்வாயன்று இல்லத்துக்கு போன் பண்ணி, "நாளைக்கு நம்ம நேரம் பத்தரை மணிக்கு ரேடியோல சொல்றாங்க பாட்டி" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

நான் செய்த தப்பு அதுதான். புதன்கிழமை பாட்டி குளித்து, நல்ல கைலி உடுத்தி, ஒன்பது மணிக்கே கூடத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த ரேடியோவில் எப்போதும் மின்னல் எஃப்.எம். ஓடும். திருச்சி பண்பலை குலாயில் எடுக்காது என்று நான் சொல்லவே இல்லை. பத்து வருடம் ரேடியோவில் இருந்தவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மத்தியானச் சோற்றுக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கிறார். அங்கே வேலை செய்யும் இந்தோனேசிய அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்கு போன் வந்தபோது மணி ஒன்றரை.

அன்றைக்கே கிராப் பிடித்து ஓடினேன். தோழி அனுப்பியிருந்த ஒலிப்பதிவை என் போனில் போட்டுக் காதில் வைத்தேன். ஐந்து தடவை கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "பேரு வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஆறு நாள் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஒருவர் தோழிக்கு போன் செய்தார். அவர் அம்மாவும் மலாயாவில் இருந்தவர். அதே பெயர், அதே ரஜுலா. எனக்குக் கைநடுக்கம். ஆனால் விசாரித்தால் தோட்டம் பேராக்கில், சுங்கை சிப்புட். கூடப் பிறந்தது ஒரே அண்ணன். இது வேறு ஆள்.

சனிக்கிழமை பாட்டியிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அவளும் பால்மரம் வெட்டுனவளா?"

வீடியோ காலில் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தோம். நெட்வொர்க் இழுக்கிறது, அந்தப் பக்கம் மகன், "கேமராவப் பாரும்மா" என்று கத்துகிறார். "எத்தன மரம் ஒனக்கு?" இது பாட்டி. "நானூறு. மழை பேஞ்சா பாதி." "மங்கு யார் கழுவுவா?" "எம் பொண்ணுதான்." பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியது, எந்தத் தண்டல் கெட்டவன். நாற்பது நிமிடம். என் கணவர் கிடாரைத் தொடவே இல்லை, அதுவே ஒரு சாதனை. கடைசியில் பெரம்பலூர்ப் பாட்டி கேட்டார், "அக்கா, அங்க இன்னும் ரம்புத்தான் காய்க்குதா?" இவர், "காய்க்குது, எனக்குத்தான் கடிக்கப் பல்லில்ல" என்றார்.

இப்போது சனிக்கிழமை நாலரை மணி அவர்களுக்கு, அங்கே இரண்டு மணி. தங்கச்சியைப் பற்றி வேறு போன் எதுவும் வரவில்லை. தோழி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரைத் திரும்பச் சொல்கிறாள்.

எங்கள் பாஸ் டிசம்பரில் முடிகிறது. கணவர் வேலை பார்க்கும் கட்டடம் முடிந்துவிட்டது, புதுப்பிப்பார்களா என்பது தெரியவில்லை. அதனால் பழைய போன் ஒன்றை இல்லத்தில் கொடுத்து, எப்படி அழைப்பது என்று இந்தோனேசிய அக்காவுக்குப் பழக்கிவருகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பாட்டிக்கு எதையுமே வாசிக்கத் தெரியாது. அந்த எண்ணுக்கு மேல் பெயருக்குப் பதிலாக ஒரு கப்பல் படம் வைத்திருக்கிறேன்.