திறப்பதற்காகவே கட்டிய அணைகள்

ஸ்லொவீனியாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இத்ரியா. 1490 வாக்கில் மரத்தொட்டி செய்யும் ஒருவர், புதுத் தொட்டியை ஓடையில் ஊறப்போட்டு எடுத்தபோது அதன் அடியில் பளபளவென்று பாதரசம் கிடந்தது என்பது ஊர்க்கதை. கதையில் மரமும் ஓடையும் முதலில் வருகின்றன, பாதரசம் அப்புறம்தான். பின்வந்த நூற்றாண்டுகளிலும் அந்த வரிசை மாறவில்லை.

பாதரசத்துக்காக அங்கே தோண்டிய சுரங்கத்துக்கு மரம்தான் உயிர். காலப்போக்கில் 700 கிலோமீட்டருக்கு மேல் தோண்டிய வழிகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். தாதுவைச் சூளையில் வறுக்க விறகு வேண்டும். காடோ தொலைவில், செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இருந்தது. ஓடைகள் ஊர்ப்பக்கம்தான் ஓடின. ஆனால் கட்டைகளைச் சுமக்க அவற்றில் நீர் போதாது. அதனால் குறுக்கே அணை எழுந்தது. அதை அங்கே ‘கிளாவ்ஷே’ என்கிறார்கள்.

முதலில் கட்டியவை மர அணைகள். 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுரங்கத்தின் நில அளவையாளர் யோசெஃப் மிராக்கின் மேற்பார்வையில் இத்ரீட்சா ஆற்றிலும் அதன் கிளையான பெல்ட்சாவிலும் கல் அணைகள் வந்தன.

பாசன மதகு நீரை அளந்து விடும். இந்த அணைகளின் மதகுக்கு வேலை வேறு. வெட்டிய கட்டைகளை அணைக்குக் கீழே, ஓடைப் படுகையிலேயே குவித்து வைப்பார்கள். மேலே நீர் நிரம்பியதும் கதவுகளைத் திறந்துவிடுவார்கள். தேங்கிய நீர் முழுதும் ஒரே பாய்ச்சலாக இறங்கி, குவியலை அள்ளிக்கொண்டு ஊரை நோக்கி ஓடும். அங்கே ஆற்றின் குறுக்கே நிற்கும் மரத்தடுப்பு கட்டைகளை நிறுத்திக்கொண்டு நீரை மட்டும் போகவிடும். பிறகு அணை மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும்.

1926 வரை இப்படி மரம் வந்தது. இத்ரியாவின் பாதரசம் அமெரிக்கக் கண்டத்து வெள்ளிச் சுரங்கங்கள் வரை போனது. 2012இல் யுனெஸ்கோ, ஸ்பெயினின் அல்மதேனோடு சேர்த்து இத்ரியாவின் பாதரச மரபை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. போகிறவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் காட்டுக்குள் ஏறி இந்தச் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்பேன். எந்த வேலையுமின்றி நிற்கும் அந்தக் கல் மதகுகளின் வழியே ஓடை தன்பாட்டுக்குப் போகிறது. தொட்டிக்காரர் கதையின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது.