கை மாறும் ஆட்டம்

நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரேயொரு விளையாட்டுச் சாமான் இருந்தால், அங்கே நாள்தோறும் ஒரு நீதிமன்றம் கூடும். ‘இப்போது யாருடைய முறை?’ என்பதுதான் அங்கு விசாரணைக்கு வரும் வழக்கு. தாய்தான் நீதிபதி. உலை கொதிக்கும் அவசரத்தில் வழங்கப்படும் தீர்ப்பு, பெரும்பாலும் மூத்தவனுக்குச் சாதகமாகவே அமைந்துவிடும். இந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றில் நாங்கள் ஆடிய தாவல் விளையாட்டுகளை எடை போட்டுப் பார்க்க விரும்புகிறேன். எது அழகானது, எது கடினமானது என்று தரம் பிரித்தவர்கள் பலர் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு எது நியாயம் செய்தது என்பதே என்னுடைய உரைகல்.

பெட்டி என்றேனே, அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் நிண்டெண்டோ. அது 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர். விலை 14,800 யென். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, அதாவது குடும்பக் கணினி. குடும்பம் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிக்கொண்டு வந்த பெட்டி அது.

நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் சாயலில் செய்யப்பட்ட நகல்கள். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் அவை கிடைத்தன. வில்லியனூர் சுல்தான்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு, 1990களின் நடுவில், சென்னை பர்மா பஜாரிலிருந்து சாச்சா ஒன்றை வாங்கி வந்தார். ஆட்டங்கள் அடங்கிய மஞ்சள் நிறப் பெட்டியைக் ‘கேசட்’ என்றே அழைத்தோம். படம் தெரியாவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அடிப்பக்கத்தில் ஊதி, மறுபடி செருகுவோம். ஊதக் கூடாது என்பதுதான் நிண்டெண்டோ சொன்ன அறிவுரை என்று பிற்காலத்தில் படித்தேன். எச்சிலின் ஈரம் செம்புப் பட்டைகளை அரித்துவிடுமாம். ஆனால் அன்றைக்கு அது எங்கள் கைகண்ட மருந்து.

அந்தக் கேசட்டின் மீது 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டங்களே வெவ்வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன. எண்ணிக்கையைக் கண்டு மயங்கக் கூடாது என்ற பாடம் முதல் நாளே கிடைத்துவிட்டது.

நிற்க. தாவல் விளையாட்டு என்றால் என்ன? ஆங்கிலத்தில் அதைப் பிளாட்பார விளையாட்டு என்பார்கள். வில்லியனூர் ரயில் நிலையத்தில் இருக்கும் அதே பிளாட்பாரம்தான். அந்தரத்தில் மிதக்கும் திட்டுகள், நடுவில் பள்ளங்கள். ஒரு திட்டிலிருந்து மறு திட்டுக்குத் தாவி ஊர் போய்ச் சேர வேண்டும். இதைக் கேட்டதும் நம் பெண்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தெருவில் கரித்துண்டால் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் தாவித் தாவிச் சில்லைத் தள்ளும் பாண்டி ஆட்டம் அது. கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று, அடுத்தவள் வருவாள். பத்துப் பதினொரு வயது வரை நானும் சுல்தான்பேட்டைத் தெருவில் பாண்டி ஆடியவள்தான். பிறகு, ‘பெரிய பெண்ணாகிவிட்டாய், தெருவில் என்ன குதிப்பு?’ என்று நன்னி ஒரு நாள் சொன்னார். தெரு அன்றோடு அடைபட்டது. அண்ணனுக்கு ஏரிக்கரையும் ஆற்றுமணலும் எப்போதும் போல் திறந்தே கிடந்தன. ஆகவே கூடத்துத் தொலைக்காட்சியில் ஓடிய அந்தச் சிறிய உருவம், எனக்கு ஓர் ஆட்டப் பொம்மையைவிடச் சற்று மேலானதாக இருந்தது. எனக்காக அது தாவியது.

இவ்வகையின் மூத்த பிள்ளை ‘டாங்கி காங்’. ஷிகெரு மியமோட்டோ உருவாக்கிய இந்த ஆட்டம் 1981இல் கடைத்தெரு எந்திரமாக வந்து, 1983இல் இந்தப் பெட்டியோடு கூடவே வீட்டுக்குள் நுழைந்தது. மேலே ஒரு குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டி ஏணியேறுவதுதான் கதை. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. தாவிய பின் அந்தரத்தில் திசையை மாற்ற இயலாது. பொத்தானை அழுத்தும் முன்பே எல்லாம் தீர்மானமாகிவிடும்.

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. தாவிய பிறகும், காற்றில் இருக்கும்போதே, சற்று முன்னும் பின்னும் சாய்ந்து இறங்குமிடத்தைத் திருத்திக்கொள்ளலாம். உலகெங்கும் பிள்ளைகள் இதை நேசித்ததற்கு இந்தச் சிறு சலுகையும் ஒரு காரணம் என்பேன். மியமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் சேர்ந்து அமைத்த இந்த ஆட்டத்தில் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 கட்டமாக 32 கட்டங்கள். அத்தனையும் அடங்கியது வெறும் 40 கிலோபைட்டில்! இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. இடம் போதாமையால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தினார்கள். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். பழைய புடவையைத் தலையணை உறையாக்கி, மிச்சத்தைக் கைப்பிடித் துணியாக்கும் நம் அம்மாமார்களின் சிக்கனம் இதில் தெரிகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. எங்களுக்கு விளக்கப் புத்தகம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் ஆட்டம் எங்களுக்குப் பாடம் நடத்தியது. தொடக்கத்தில் நம் உருவம் இடது ஓரத்தில் நிற்கும். வலப்பக்கம் வெளியாகக் கிடக்கும். எனவே வலப்பக்கம் நடப்போம். சற்றுத் தூரத்தில் ஒரு சிறு பகை தானே நடந்து வரும். தாவ வேண்டும் என்று புரியும். மேலே ஒரு கட்டி மினுக்கும். முட்டினால் ஒரு காளான் வெளிப்பட்டு வலப்புறம் உருண்டு, குழாயில் மோதி, நம்மிடமே திரும்பி வரும். விலக நினைத்தாலும் பெரும்பாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். உடனே உருவம் வளரும். மத்ரஸாவில் உஸ்தாது அலிஃபும் பேயும் சொல்லித்தந்த முறைதான் இது. முதலில் எளிதானது, அது நாவில் படிந்த பிறகே அடுத்தது.

இத்தனை சிறப்பிருந்தும் என் உரைகல்லில் இந்த ஆட்டம் முழு மாற்றுத் தேறவில்லை. இருவர் ஆடலாம் என்பது உண்மையே. மூத்தவன் மரியோ, இளையவள் லுய்ஜி. ஆனால் மரியோ செத்தால்தான் லுய்ஜிக்கு முறை வரும். அண்ணனோ கைதேர்ந்தவன். பள்ளத்தில் விழமாட்டான், ஆமைக்கும் சிக்கமாட்டான். அஸர் தொழுகை முடிந்து தொடங்கினால் மக்ரிப் பாங்கு வரையில் அவனே ஆடிக்கொண்டிருப்பான். மக்ரிப் வந்துவிட்டால் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும் என்பது அத்தாவின் சட்டம். கேசட்டில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதியும் கிடையாது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடக்கம். மறுபடி மரியோவே முதலில். இரண்டாவது கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் விழ வேண்டும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்த மாலைகள் பல. கூடப்பிறந்தவனின் தோல்வியில்தான் தனக்கு வாய்ப்பு என்ற நிலையில் ஒரு பிள்ளையை உட்கார வைப்பது நல்ல ஏற்பாடாகுமா?

பள்ளி விடுமுறையில் பாகூரில் உள்ள சாச்சி வீட்டுக்குப் போவோம். பெட்டியும் எங்களோடு பேருந்தில் வரும். பையன்கள் பாகூர் ஏரிக்கரைக்குக் கிளம்பிப் போய்விட்டால், நானும் சாச்சி மகளும் ‘ஐஸ் கிளைம்பர்’ போடுவோம். 1985 ஜனவரியில் வந்த ஆட்டம் இது. இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். தலைக்கு மேலுள்ள பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைத்து, ஓட்டை வழியே தாவி ஏறி, மலையுச்சியை அடைய வேண்டும். 32 மலைகள். முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. எனினும் இதிலும் ஒரு முள் இருந்தது. ஒருத்தி வேகமாக ஏறினால் படம் மேலே நகர்ந்துவிடும். கீழே தங்கியவள் மறைந்து, ஓர் உயிரை இழப்பாள். முந்துகிறவள் பிந்துகிறவளைக் கொல்கிறாள். நாங்கள் இருவரும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: அடுத்தவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகே அடுத்த தட்டுக்கு ஏறுவது. மலையேற்றம் மெதுவாயிற்று, ஆனால் அதிக உயரம் போனோம்.

‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ 1986இல் ஹட்சன் நிறுவனம் வெளியிட்டது. இதில் நாயகனுக்குப் பசி உண்டு. மேலே ஓர் அளவுகோல் தேய்ந்துகொண்டே வரும். வழியில் தோன்றும் பழங்களைத் தின்றுகொண்டே ஓட வேண்டும். நின்றால் பட்டினிச் சாவு. கத்தரிக்காய் ஒன்று வந்து தலைமேல் மிதந்து, இருக்கும் உயிரையும் உறிஞ்சும். பனிமலை ஆட்டத்தில் உச்சிக்கருகே பரிசாகப் பறிக்கும் அதே கத்தரிக்காய்தான் இங்கே பகையாக வருகிறது! எங்கள் வீட்டில் கத்தரிக்காய் தின்ன மறுத்தவர்களுக்கெல்லாம் இது நல்ல சாட்சியாயிற்று. ஆனால் இது ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம். ஓர் உயிர் போனதும் கைப்பிடியைத் தந்துவிட வேண்டும் என்று பாகூர் வீட்டில் சாச்சி விதித்த சட்டமே எங்களைக் காத்தது. ஆட்டத்தில் இல்லாத நீதியை வீடு வழங்கியது.

1990இல் கேப்காம் நிறுவனம் தந்த ‘சிப் அண்ட் டேல்’ வேறு வகை. இரண்டு அணில்கள் சேர்ந்து போகும். மரப்பெட்டிகளைத் தூக்கி எறியும். கூட வருபவனையும் தூக்கலாம், எறியலாம். அன்பாகத் தூக்கி மேட்டில் ஏற்றுவதும், கோபத்தில் பள்ளத்தில் வீசுவதும் ஒரே பொத்தான்தான். எது நடக்கும் என்பது அன்றைய வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது.

இனி என் தீர்ப்புக்கு வருகிறேன். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில், ஒரு நோன்புப் பெருநாளைக்குப் பிறகு, நானும் அண்ணனும் பெருநாள் காசைச் சேர்த்து ஒரு கேசட் வாங்கினோம். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’. ஜப்பானில் 1988 அக்டோபர் 23ஆம் நாள் வெளிவந்தது. இதில் கட்டங்களுக்கு முன்பாக ஒரு நிலப்படம் விரியும். அதில் வழிகளும் வீடுகளும் கோட்டைகளும் இருக்கும். முதல் ஆட்டத்தில் கடந்து வந்த இடத்துக்கு ஓரடி கூடப் பின்னே போக இயலாது. இதில் திரும்பி நடக்கலாம். இலை கிடைத்தால் வால் முளைக்கும்; ஓடி வந்து எழும்பினால் பறக்கவும் செய்யலாம். ஆனால் என் நெஞ்சைத் தொட்டது அந்த வாலும் பறத்தலும் அல்ல.

முதன்முறை அண்ணன் ஒரு கட்டத்தை வென்று முடித்தான். அடுத்ததற்குக் கைப்பிடியை அழுத்தினான். உருவம் அசையவில்லை. ‘ஊது, கேசட்டை ஊது’ என்றான். அப்போதுதான் கவனித்தோம்: திரையில் என் லுய்ஜி அசையக் காத்திருந்தான். இந்த ஆட்டத்தில் தோற்றால் மட்டுமல்ல, வென்றாலும் முறை அடுத்தவருக்குப் போய்விடும்! அவன் வென்ற கட்டத்தில் ‘எம்’ என்ற எழுத்து விழும். நான் வென்றதில் ‘எல்’ விழும். அவன் கடந்த கட்டத்தை நான் மறுபடி கடக்க வேண்டியதில்லை. நான் கடந்தது அவனுக்கும் கடந்ததே. நிலப்படம் ஒன்று, பயணம் ஒன்று, எழுத்துகள் இரண்டு. அன்று முதல் அவன் விழ வேண்டும் என்று நான் விரும்பியதில்லை. அவன் வெல்ல வேண்டும் என்றே விரும்பினேன். அவன் வென்றால் எனக்குத்தானே முறை! என் உரைகல்லில் முழு மாற்றுத் தேறிய ஆட்டம் இதுவே.

இதை வெறும் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். அண்ணன் பட்டப்படிப்பை முடித்த ஆண்டில் என் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு போதும் என்றார்கள் சிலர். அண்ணனே மேற்கொண்டு படிக்கட்டும் என்றார்கள் சிலர். அதுவரை வாய் திறவாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, ‘அவன் முறை முடிந்தது. தோற்று முடியவில்லை, ஜெயித்தே முடித்திருக்கிறான். இனி இவள் முறை’ என்றார். அத்தா சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘சரிதான்’ என்றார். அந்த ஆண்டே புதுச்சேரிக்குப் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போனேன். கூடத்தில் நாங்கள் ஆடியதை அம்மா எவ்வளவு கவனித்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு நீதிமன்றத்தில் இளையவளுக்குச் சாதகமாக வந்த பெரிய தீர்ப்பு அதுதான்.

நிண்டெண்டோ நிறுவனம் அந்தக் குடும்பக் கணினியைச் செய்வதை 2003ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. உவெமுரா 2021 டிசம்பரில் காலமானார். இன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைபேசி. முறைக்காக யாரும் காத்திருப்பதில்லை. காத்திருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, காத்திருந்தவள் சொல்கிறேன். ஆனால் பகிர்ந்துகொள்ள வேண்டியவை வீட்டில் இன்னமும் இருக்கின்றன. படிப்பு, பணம், பயணம், பெற்றோரின் நேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் முறை உண்டு. தோற்றவரிடமிருந்து பிடுங்கித் தருவது எளிது. வென்று நிற்பவர் தாமாகவே கைப்பிடியை நீட்டும்படி பழக்குவதுதான் அரிது. அந்தப் பழக்கத்தைச் சிறு வயதில் எந்த விளையாட்டு தந்தாலும், அதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது, இரண்டாவது கைப்பிடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.