புகைக்குக் கன்னடத்தில் என்ன?

பள்ளி விடுமுறை நாட்களில், வெயில் தாழ்ந்ததும், எங்கள் எம். புதுப்பட்டித் தெருவில் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். யார் கையிலும் செல்போன் இருக்காது. ஆனால் ஆட்டம் முழுக்கச் செல்போன் கேம்களைப் பற்றியதுதான். ஒருவன் குறிப்புச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேமின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஓடிக்கிட்டே இருக்கணும்."

"டெம்பிள் ரன்!"

"இல்லலே. பின்னாடியே துரத்திக்கிட்டு வரும்."

"அப்பவும் டெம்பிள் ரன்தான்."

"அங்க துரத்துறது குரங்குலே. இங்க போலீசு. கூட ஒரு நாயும் வரும்."

"சப்வே சர்ஃபர்ஸ்!"

கண்டுபிடிக்கிறவனைவிடக் குறிப்புச் சொல்கிறவனைத்தான் நான் கவனிப்பேன். முதல் குறிப்பு பலவற்றுக்குப் பொருந்த வேண்டும். அடுத்தடுத்த குறிப்பு ஒவ்வொன்றும் சிலவற்றை விலக்க வேண்டும். பறவையைக் கவணில் வைத்துப் பன்றிகள் மேல் எறிவது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஆட்டமே இல்லை. எதைச் சொல்வது, எதை எப்போது சொல்வது என்பதில்தான் மூளை இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. விடுகதையை நாங்கள் அழிப்பாங்கதை என்போம். தொல்காப்பியம் அதைப் பிசி என்கிறது. தெலுங்கு பேசும் வீடுகளில் பொடுபு கதை. போடுவது பொடுபு, அவிழ்ப்பது விடுபு. கம்பி மத்தாப்புக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் கட்டிய ஒன்று உண்டு: இரும்புக் குச்சியில பூத்த பூ, எண்ணி முடிக்குமுன்ன உதிர்ந்த பூ. அதைக் கட்டிய சிறுமியின் அம்மா கம்பி மத்தாப்பு வேலைக்குத்தான் போகிறார்.

எங்கள் சிவகாசி வட்டாரத்தில் தொழிலும் குறிப்போடு சேர்ந்தே வளர்ந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. எந்த எழுத்தும் படிக்கத் தெரியாதவர்கூட, எந்த மாநிலத்திலும், படத்தைப் பார்த்துத் தன் பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். கிளியும் மானும் சாவியும் அந்தச் சின்னத் தாளில் வந்து உட்கார்ந்தது அதனால்தான்.

போன விடுமுறையில் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். நர்சிங் முடித்தவள், ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் அவளையும் ஆட்டத்தில் இழுத்தார்கள். அவள் கேமை விட்டுவிட்டு ஜெர்மன் சொற்களைப் போட ஆரம்பித்தாள். "வாசர்னா என்ன? இங்கிலீஷ்ல சொல்லு." யாருக்கும் தெரியவில்லை. "குடத்துல பிடிப்பாங்க." வாட்டர் என்று ஒரு பையன் கத்தினான். அடுத்து "ட்சேன்" என்று சொல்லிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்: டென். "ட்சுங்க" என்று நாக்கை நீட்டினாள்: டங். அதற்கடுத்து "ட்ஸ்வை" என்றபோது குறிப்பே தேவைப்படவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டூ தானக்கா? இங்கிலீஷ்ல ட வந்தா ஜெர்மன்ல ட்ஸ இல்லைன்னா ஸ வருது" என்றாள்.

அந்தச் சின்னப் பெண் சொன்னதைத்தான் மொழியறிஞர்கள் ஒலிமாற்ற விதி என்கிறார்கள். ஒன்றிரண்டு சொற்கள் ஒத்துப்போனால் அது தற்செயலாக இருக்கலாம். வேறுபாடும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது உறவு. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே தாயின் பிள்ளைகள். டச்சும் சுவீடிஷும் டேனிஷும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நீதிபதி, சிறை, வரி, அரசாங்கம் போன்றவற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளமாகப் புகுந்தன. சாப்பிடுவது, குடிப்பது, தூங்குவது, கை, கால், வீடு, கதவு எல்லாம் பழைய ஜெர்மானியச் சொல்லாகவே நின்றன. நமக்கும் அப்படித்தான். தாலுகாவும் தாசில்தாரும் வக்கீலும் ஜாமீனும் அரபு, பாரசீக வழியில் வந்தவை. அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் அடுப்பு, உலை, சோறு, உப்பு, புளி. ஆட்சி மாறினால் கச்சேரியின் சொற்கள் மாறுகின்றன, அடுப்பங்கரைச் சொற்கள் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. மொழியின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் அங்கே போவது அதனால்தான்.

மிளகு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. ஆங்கிலத்தில் பெப்பர், ஜெர்மனில் ப்ஃபெஃபர். இரண்டும் லத்தீன் பிபெர் வழியாக, இந்தியாவின் பிப்பலியிலிருந்து போனவை. பிப்பலி என்பது நம் திப்பிலி. ஜெர்மனில் பழைய ப-க்கள் ப்ஃப என்றும் ஃப என்றும் மாறியது சுமார் 6, 7-ஆம் நூற்றாண்டுகளில். ஆப்பிள் ஆப்ஃபெல் ஆனதும், ஷிப் ஷிஃப் ஆனதும் அப்போதுதான். மிளகின் பெயரும் அந்த மாற்றத்தில் சிக்கியிருக்கிறது. ஆகவே அந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே இந்தியச் சரக்கின் பெயர் ஜெர்மன் சமையலறைக்குள் போயிருக்க வேண்டும். சாசனமோ ஏடோ இல்லாமல், ஒரு சொல்லின் ஒலியை வைத்தே இவ்வளவு தூரம் சொல்ல முடிகிறது.

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கரிசல் காடு முழுக்க இப்படி எத்தனையோ குடும்பங்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவள் கேட்டாள்: "மாமா, தமிழுக்கும் எங்க தெலுங்குக்கும் இந்த மாதிரி விதி இருக்கா?"

உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். எங்கள் ஊரில் வெடிக்குள் செலுத்தும் ரசாயனக் கலவைக்கு மருந்து என்றுதான் பெயர். தலைவலிக்குச் சாப்பிடுவதும் மருந்து, சரவெடிக்குள் அடைப்பதும் மருந்து. அவள் வீட்டுத் தெலுங்கில் இரண்டுக்கும் மந்து. நெருப்புக்கு நிப்பு. எருதுக்கு எத்து (பந்து என்பதில் வரும் மெலிந்த த போல ஒலிக்க வேண்டும்). பொருந்து என்பதற்குப் பொந்து. நடுவில் இருக்கும் 'ரு' தெலுங்கில் விழுந்துவிடுகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அடுத்தது கொஞ்சம் கடினம். உரலுக்கு ரோலு, உலக்கைக்கு ரோகலி, உள்ளே என்பதற்கு லோ, அவனுக்கு வாடு, இவனுக்கு வீடு. இவன் வீடா என்று சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. பிறகு ஒரு பையன், "முன்னாடி இருக்கிற எழுத்து பின்னாடி தாவிருது" என்றான். உண்மைதான். தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் உயிர், தெலுங்கில் அடுத்த மெய்யைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. திராவிட மொழியியல் நூல்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும் விஷயம் அது.

தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று 1816-இல் சான்றுகளோடு எழுதியவர் எல்லிஸ். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் அது வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில், 1819-இல், எல்லிஸ் ராமநாதபுரத்தில் இறந்தார். எங்கள் விருதுநகர் மாவட்டம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. எல்லிஸுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856-இல், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். இவர்களைப் பற்றிப் பேசும்போது இடையன்குடிக் கால்டுவெல்லை எல்லோரும் சொல்கிறோம். எல்லிஸையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒத்துப்போவதெல்லாம் உறவு அல்ல என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எய்ட், தமிழில் எட்டு. பிள்ளைகள் குதித்தார்கள். அண்ணன் மகள் ஜெர்மனில் ஆஹ்ட் என்றாள். லத்தீனில் அது ஆக்டோ. பழைய காலத்துக்குப் போகப் போக ஆங்கில எட்டு நம் எட்டை விட்டு விலகிப் போகிறது. உண்மையான உறவென்றால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். இரண்டு, மூன்று, பத்து எதுவும் சேரவும் இல்லை. மத்தாப்பு என்ற சொல்லையும் சொன்னேன். எங்கள் ஊரின் அடையாளமே அது, ஆனால் பாரசீகத்தில் நிலவொளியைக் குறிக்கும் மஹ்தாப் என்ற சொல்லிலிருந்து வந்தது. கடன் வேறு, ரத்த உறவு வேறு.

ஜெர்மன் உறவு விதிகளை ஒழுங்காக வகுத்துக் காட்டியவர் யாக்கோப் கிரிம், 1822-இல். லத்தீனில் ப வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வரும்: பாட்டெர் என்பதற்கு ஃபாதர், பிஸ்கிஸ் என்பதற்கு ஃபிஷ். சிண்ட்ரெல்லா கதையையும் தவளை இளவரசன் கதையையும் தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து தொகுத்து 1812-இல் வெளியிட்டவரும் அதே கிரிம்தான். கதையையும் சொல்லையும் ஒரே ஆள் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் எங்கள் கரிசலிலும் அது நடந்திருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார், 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் கொண்டுவந்தார். அவருடைய வீட்டு மொழி தெலுங்கு. தெற்கே வந்த தெலுங்கு மக்களின் கதைதான் 'கோபல்ல கிராமம்'. கிரிம் சகோதரர்கள் 1838-இல் தொடங்கிய ஜெர்மன் பேரகராதியில் யாக்கோப் இறக்கும்போது வேலை 'ஃபுருக்ட்' என்ற சொல்லில் நின்றிருந்தது. ஜெர்மனில் பழம் என்று பொருள். அகராதி முடிந்தது 1961-இல். பரோவும் எமனோவும் செய்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் முதல் பதிப்பு வந்ததும் அதே 1961-இல்தான். எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த மருந்து–மந்து அதில் இருக்கிறது, மருத்துவப் பொருளும் வெடிமருந்துப் பொருளும் சேர்ந்தே.

ஆனால் எங்கள் தெருவில் அந்தத் தெலுங்கு தேய்ந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் வீட்டு மொழி என்ன என்று கேட்டால் பிள்ளைகள் தலையைக் குனிகிறார்கள். ஆந்திரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது தெலுங்காகப் படுவதில்லை. இங்கே அது கொச்சை என்று பெயர் வாங்குகிறது. நூற்றாண்டுகளாகத் தாய் நிலத்தை விட்டுத் தள்ளி நின்ற பேச்சில், அங்கே வழக்கொழிந்த சொற்கள் ஒளிந்திருக்கக் கூடும். ஐஸ்லாந்துக்குப் போய்க் குடியேறியவர்களின் மொழியில்தான் பழைய நார்ஸ் மொழி இன்றும் மிக நன்றாக வாழ்கிறது. கரிசல் தெலுங்கைப் பாட்டிகளோடு போகவிடக் கூடாது. அதைப் பதிவு செய்யப் பெரிய நிறுவனம் எதுவும் வர வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும், அவ்வாக்களிடம் பேசப் பொறுமையும் போதும்.

அண்ணன் மகள் ஊருக்குக் கிளம்புமுன் ஒரு கேமுக்குக் குறிப்புக் கொடுத்தாள். "சுடுறது கிடையாது. ஓடுறது கிடையாது. இட்லி அவிக்கணும்." ஒருவருக்கும் தெரியவில்லை. "புட்டுக் குழல் வரும். அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு இருக்கும். மிச்சம் இருக்கிறத வச்சு எப்படிச் செய்யணும்னு நாமதான் கண்டுபிடிக்கணும்." அது 'வெண்பா'. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறும் வெண்பா, பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின், இவர்கள்தான் பாத்திரங்கள். வளர்ந்த கவின் அம்மாவின் நோட்டைத் திறக்கும்போது தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. 2024-இல் பாஃப்டா அமைப்பு அதற்கு முதல் படைப்புக்கான விருது கொடுத்தது. உலகமெங்கும், தமிழ் தெரியாதவர்கள் அழிந்துபோன ஒரு தமிழ்ச் சமையல் குறிப்பை ஊகித்து இட்லித் தட்டை அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டு உடம்பு சிலிர்த்தது.

எங்கள் பிள்ளைகளின் நோட்டில் இப்போது மூன்று பத்திகள்: தமிழ், தெலுங்கு, கன்னடம். கன்னடத்துக்கு எங்களுக்குக் கிடைத்தவர், பெங்களூருக்கு வெடி லோடு கொண்டுபோகும் டிரைவர் அண்ணன். பாலுக்கு ஹாலு, பல்லுக்கு ஹல்லு, பத்துக்கு ஹத்து, புலிக்கு ஹுலி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். ப எல்லாம் ஹ. பழைய கன்னடத்தில் இவை ப-வில்தான் தொடங்கின. லத்தீனில் ப வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வருவதற்கு இது சரியான ஜோடி.

"அண்ணே, புகைக்குச் சொல்லாதீங்க. நாங்க சொல்றோம்" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் யோசித்தாள். "ஹ-வுல ஆரம்பிக்கும். ஹுகை?"

"ஹொகெ."

தெரு அதிர்ந்தது. கேள்விப்பட்டே இராத ஒரு சொல்லின் முதல் ஒலியை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதே வேகத்தில் பெயருக்கு ஹெயர் என்று எழுதி வைத்துக்கொண்டு கேட்டார்கள். டிரைவர் அண்ணன் ஹெசரு என்றார். ஹ சரி, நடுவில் ச எங்கிருந்து வந்தது? அவருக்குத் தெரியவில்லை. உயிருக்கு என்ன என்று கேட்டேன். உசிரு என்றார்.

ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன், அதுவரை ஆட்டத்திலேயே சேராதவன், "ஏல, நம்ம பாட்டியும் உசிருன்னுதான சொல்லுது" என்றான்.