கப்பல் வராத தீவு

அந்தமானின் ஹேவ்லாக்குக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளே, ராதாநகர்க் கடற்கரையில் பொழுது சாய்வதைக் கண்குளிரப் பாருங்கள். அந்தத் தீவுக்கு 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வாயில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லிவைக்கும் கடமை எங்களுக்கு உண்டு.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை போர்ட் பிளேரைப் பிடித்தது. விடுதலை வந்துவிட்டது என்று நம்பியவர்களும் இருந்தார்கள். தீவுகளுக்கு அரிசி வருவது கடல் வழியாகத்தான். போர் முற்றியபோது நேச நாட்டுக் கப்பல்கள் அந்த வழியை அடைத்தன. 1945 மே மாதம் அந்தமானை நோக்கிப் புறப்பட்ட ஹகுரோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் பினாங்குக்கு அப்பால், மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது. தீவில் பசி கூடியது. ஆகஸ்ட் மாதம், முதியவர்கள், உழைக்க இயலாதவர்கள் என்று பிரித்தெடுத்த நூற்றுக்கணக்கானவர்களை, பயிர் செய்து பிழைக்கலாம் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். ஹேவ்லாக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே கடலில் இறக்கினார்கள். பலர் நீரோடு போனார்கள். கரையேறியவர்களைக் காட்டில் பட்டினி தின்றது. சில வாரம் கழித்து மீட்க ஆள் வந்தபோது உயிரோடு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களை இறக்கிவிட்ட அதே மாதத்தில் ஜப்பான் சரணடைந்திருந்தது.

செய்தவர்கள் கொடியவர்கள், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இன்னொன்றையும் எடைபோடுங்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தவரை இத்தனை வாய் தீவுக்குச் சுமை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கடல்வழி அடைபட்டதும் மனிதர்களைத் தரம் பிரிக்கும் கணக்கு தொடங்கிவிட்டது. கடற்பாதுகாப்பு என்றதும் நீங்கள் பீரங்கியை நினைப்பீர்கள். எனக்கு அரிசி மூட்டைதான் முதலில் நினைவுக்கு வரும்.

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். சென்னைக் கப்பல் புயலில் சிக்கித் தாமதமானால், வெங்காய விலை கேட்டு வருகிறவர்களின் முகமே மாறிவிடும். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்காது.

கடல்வழியைப் போர் மட்டுமல்ல, கொள்ளையும் கெடுக்கும். 1999 அக்டோபரில் சுமத்ராவிலிருந்து அலுமினியம் ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் புறப்பட்ட அலொண்ட்ரா ரெயின்போ என்ற கப்பலைக் கொள்ளையர்கள் கைப்பற்றினார்கள். மாலுமிகளை மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. பெயர் மாற்றி ஓட்டிச் சென்ற அந்தக் கப்பலை, அடுத்த மாதம் அரபிக் கடலில் நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் மடக்கின. வீரக்கதைதான். இருந்தாலும் மலாக்காவில் அமைதி வந்தது ஒரு துரத்தலால் அல்ல. 2004இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும், ஒன்றன்மேல் ஒன்றுக்கு இருந்த பழைய சந்தேகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒருங்கிணைந்து ரோந்து போகத் தொடங்கின. 2005இல் அந்த நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்த லண்டன் காப்பீட்டுக்காரர்கள் அடுத்த ஆண்டே அதை நீக்கினார்கள். இந்தியாவும் இந்தோனேசியாவும் 2002 முதல் தங்கள் கடல் எல்லையையொட்டி ஒருங்கிணைந்து ரோந்து வருகின்றன. எந்தச் செய்தித்தாளும் அதைத் தலைப்பில் போடுவதில்லை.

என் கடைக்கு வரும் பையன் ஒருவன் கடலோரக் காவல் படையில் சேர்ந்தான். ஒருமுறை ரோந்து முடிந்து வந்து, "அண்ணாச்சி, போனோம், வந்தோம், ஒண்ணுமே நடக்கல" என்று சலித்துக்கொண்டான். "ஒண்ணும் நடக்காம இருக்கத்தானேப்பா ஒன்னை அனுப்புறாங்க" என்றேன். காவல் பலித்த இரவுக்குக் கதை இல்லை. நீங்கள் எந்தத் தொழிலுக்குப் போனாலும் அப்படிப்பட்ட இரவுகள்தான் மிகுதியாக இருக்கும். அவற்றைச் சலிக்காமல் கடக்கப் பழகுங்கள்.

இப்போது பேச்செல்லாம் கிரேட் நிக்கோபார் தீவைப் பற்றித்தான். அதற்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள ஆறு டிகிரிக் கால்வாய் வழியாகத்தான் மலாக்காவுக்குப் போகும் கப்பல்கள் வரிசை கட்டுகின்றன. கேம்ப்பெல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ் விமானதளம் 2012 முதல் இருக்கிறது. கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் கட்டும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். அங்கே காவல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே தீவில் ஷோம்பென் மக்கள் காட்டுக்குள் வாழ்கிறார்கள். 2004 சுனாமியில் கரையோர ஊர்களை இழந்த நிக்கோபாரி மக்கள் தங்கள் பழைய இடங்களுக்குத் திரும்பக் காத்திருக்கிறார்கள். நாட்டின் பெரிய கணக்கில் இவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வரைபடத்தையும் திட்ட அறிக்கையையும் படிக்கிற பிள்ளைகள் நீங்கள். அந்தத் தீவு மக்கள் சொல்வதையும் தேடிப் படியுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்கக் கூடுதலாகச் சில ஆண்டுகள் ஆகும் என்றால், ஆகட்டும்.