சொல்லடைவும் கட்டளைத் திரையும்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறியின் கட்டளைத் திரையைப் பற்றி நாம் எழுதப் புகுவது சான்றோர் சிலருக்கு வியப்பளிக்கலாம். படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரை; அதில் ஒரு சிறு குறி மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். நாம் ஒரு சொல்லை எழுதினால் பொறி ஒரு வேலையைச் செய்யும். நம் சொல்லை வாங்கிப் பொறியின் உட்கருவுக்கு எடுத்துரைக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். தேங்காய்ப் பருப்பைச் சூழ்ந்த சிரட்டையை நினைத்துக்கொண்டால் பெயர்ப்பொருத்தம் விளங்கும். சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லால் இயங்கும் இத்திரை அயலானதன்று.

இத்திரையை நாம் நாடியது சொல்லடைவின் பொருட்டு. முன்னைய அறிஞர்கள் ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, அகரநிரலில் அடுக்கி, அடைவு கண்டனர். திருக்குறளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 1330 குறளுக்கு ஏழேழு சீராக 9310 சீட்டுகள் வேண்டும். காற்றில் ஒரு சீட்டுப் பறந்தால் ஒரு சொல் போயிற்று. அவர்தம் பொறுமையை எண்ணுந்தோறும் தலை தாழ்கிறது.

இவ்வேலையைக் கணிப்பொறியுலகம் எவ்வாறு அணுகியது என்பதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1986ஆம் ஆண்டில் ஜான் பென்ட்லி என்பார், தாம் எழுதிவந்த இதழ்ப் பகுதிக்காக, ஒரு நூலில் மிகுதியாகப் பயிலும் சொற்களைக் கணக்கிடும் நிரலொன்றை எழுதித் தருமாறு டொனால்டு கனூத் என்னும் பேரறிஞரை வேண்டினார். கனூத் பல பக்கங்களில் அழகியதொரு நிரலை வரைந்தார். அதனைத் திறனாய்வு செய்த டக் மெக்கில்ராய், அதே வேலையை ஆறே கட்டளைகளில் முடித்துக் காட்டினார். சொற்களை வரிக்கொன்றாகப் பிரி, பெரிய எழுத்தைச் சிறிதாக்கு, வரிசைப்படுத்து, ஒத்தவற்றை எண்ணு, எண்ணிக்கைப்படி மீண்டும் அடுக்கு, வேண்டிய அளவோடு நிறுத்து. ஒரு கட்டளையின் விளைவு அடுத்ததற்கு உணவாகும்படி அவை 'பைப்' என்னும் குழாயால் இணைக்கப்பட்டன. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973இல் அக்குழாய் அமையத் தூண்டுகோலாக இருந்தவரும் அவரே.

அவ்வாறு கட்டளைகளையும் அப்படியே தமிழ் நூலுக்கு ஏவினால் என்ன ஆகும்? ஒன்றும் எஞ்சாது. ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்று என்பதே அதன் முதற்கட்டளை. நம் 247 எழுத்தும் அக்கட்டளையின் பார்வையில் குப்பை. மெக்கில்ராயைக் குறை கூறுவதற்கில்லை. அவர் முன் இருந்தது ஆங்கில நூல். இடைவெளி கண்ட இடத்தில் மட்டும் பிரிக்க என்று திருத்திக்கொண்டால் தமிழ் பிழைக்கிறது.

இத்தகைய திருத்தங்களைத் திரையோடு நேருக்கு நேர் உரையாடியே காண வேண்டும். ஒரு கட்டளை எழுதி, முதற்பத்து வரியை மட்டும் காட்டுக என்று 'ஹெட்' கட்டளையால் கேட்டு, விளைவைக் கண்ணால் கண்டு, பிறகே அடுத்த குழாயைப் பொருத்துவது நம் வழக்கம். நன்றி, நன்றிக்கு, நன்றியும் எனப் பொறி மூன்றாக எண்ணுவதும், புணர்ந்து நிற்கும் இரு சொற்களை ஒன்றாகக் கொள்வதும் அப்போதே தெரிந்துவிடும். சீர் வேறு, சொல் வேறு என்பது பொறிக்குத் தெரியாது. பிரித்தெழுதிய பாடத்தை அதன் முன் வைப்பது தமிழ் கற்றவர் கடன்.

உரையாடித் தெளிந்த கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அதுவே ஸ்கிரிப்ட். ஒரு பெயரைச் சொல்லி அழைத்தால் அத்தனையும் நிகழும். இவ்வெண்ணமும் பழையதே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1960களின் நடுவில் லூயி புசான் என்னும் பிரெஞ்சுக்காரர் கட்டளைக் கோப்பை இயக்கும் 'ரன்காம்' என்னும் நிரலை எழுதினார்; 'ஷெல்' என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. 1979இல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லும், 1989இல் பிரையன் பாக்ஸ் எழுதிய 'பாஷ்' என்பதும் அவ்வழி வந்தவை. குறித்த நேரத்தில், யாரும் அருகில் இல்லாதபோதும், அக்கோப்பைத் தானே இயக்க 'கிரான்' என்றோர் ஏவலன் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கு என்றால் தொடங்கிவிடுவான்.

ஈண்டுதான் மாணவர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உள்ளது. திரையின்முன் இயக்கியபோது செம்மையாக வந்த அடைவு, அதே கோப்பை இரவில் இயக்கியபோது வேறாக வந்து நின்றது. கோப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது சூழல். நாம் திரையில் அமரும்போது, தமிழ் மரபுப்படி வரிசைப்படுத்துக என்னும் விதி நம் அமர்வின் தொடக்கத்திலேயே ஏற்றப்பட்டிருந்தது. கிரான் ஏவும்போது நம் அமர்வின் அமைப்புகள் அதற்கு எட்டுவதில்லை. விதி இல்லாத பொறி, யூனிகோடு எழுத்தெண்களின் வரிசையைப் பின்பற்றியது. அவ்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வரும். றகரம் ரகரத்தை அடுத்து வரும். லகரத்தின்பின் ளகரமும் ழகரமும் வந்து, அதன்பிறகே வகரம் வரும். ககர மெய்யோ கௌவுக்கும் பின்னே தள்ளப்படும். தொல்காப்பியர் காலந்தொட்டு ஈற்றில் நிற்கும் னகரத்திற்கு நேர்ந்த நிலை இது.

இதனால் வரும் இடர் சிறிதன்று. நட்பு, நயம், நல்லார், நன்றி என்பது நம் நிரல். எழுத்தெண் வரிசையிலோ நட்பையடுத்து நன்றி வந்துவிடும். நல்லாருக்குப்பின் நன்றியைத் தேடும் ஆய்வு மாணவர், அச்சொல் அந்நூலில் இல்லை என்றே முடிவு கட்டுவார், ஆய்வேட்டிலும் எழுதிவிடுவார். இடம் மாறிய சொல் அடைவில் இல்லாத சொல்லே. பொறியோ வேலை முடிந்தவுடன் பூச்சியம் என்னும் எண்ணைத் தரும். ஷெல் வழக்கில் பூச்சியம் வெற்றிக்கு அடையாளம், பிற எண்கள் தோல்விக்கு. (தேர்வுத்தாளில் இம்மரபு இல்லையே என்று மாணவர் ஒருவர் வருந்தினார்!) வரிசை பிறழ்ந்த அடைவுக்கும் பொறி பூச்சியமே தந்தது. ஏனெனில் அடுக்கு என்றோம், அடுக்கிற்று. எம்மரபில் என்று கோப்பில் எழுதப்படவில்லை.

தொகுதியாக இயக்குவதைவிட உரையாடி இயக்குவதே மேல் என்று சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஐம்பது நூல்களுக்கு ஐம்பது முறை அமர்ந்து எழுதினால் ஒருமுறையேனும் கை பிழைக்கும். எழுதிவைத்த ஆணை ஐம்பது முறையும் ஒன்றே செய்யும். தவறான ஆணையாயின் ஐம்பது முறையும் தவறும் என்பதும் உண்மை; அழிக்கும் கட்டளைகளைப் பொறுத்தவரை அது மீளாத் தவறு. ஆகவே அழிக்கும் வரிக்கு முன் 'எக்கோ' என்பதைச் சேர்த்து, எதை அழிக்கப் போகிறது என்று வாசித்துக் காட்டச் செய்துவிட்டு, பின்னரே எக்கோவை நீக்குவோம்.

நம் துறையின் கோப்பு இன்று பதினேழு வரிகள். இன்ன ஷெல்லால் இயக்குக என்பது முதல் வரி. தமிழ் வரிசைக்கான விதி இரண்டாம் வரி. காலையில் இரு மாணவர் அமர்ந்து, அடைவிலிருந்து இருபது சொற்களை எடுத்து அச்சு நூலோடு ஒப்பிடுகின்றனர். அவற்றுள் னகரத்தில் ஐந்தும் றகரத்தில் ஐந்தும் இருத்தல் வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி.