மானுக்கு வைக்கும் தீனி



கீழக்கரையிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் இருவருக்கும் கடலும் மீனும் தெரியும். மான் வேட்டையைக் கனவிலும் நினைத்ததில்லை. தாயகத்தில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். டெக்சாஸிலோ நிலைமை நேர்மாறானது. வெள்வால் மான்கள் இங்கே பல இலட்சம் வாழ்கின்றன. அவற்றின் தொகை மிகுந்தால் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்த்துவிட்டு, பிறகு அவையே பட்டினியால் மெலியும். ஆகவே, இன்ன மாதத்தில், இத்தனை மான்களை வேட்டையாடலாம் என்று மாநில வனவிலங்குத் துறையே வரையறுத்துள்ளது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது பொது விதி. நாங்களும் அப்பயிற்சியை முடித்து உரிமம் பெற்றோம். எங்கள் வீட்டு இறைச்சி எவ்வாறு உயிர் துறந்தது என்பதை நாங்களே அறிந்து உண்ண வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

முதல் ஆண்டு நடந்ததை இன்றும் நாங்கள் எளிதில் பேசுவதில்லை. ஆஸ்டினுக்கு வடமேற்கே, லேனோ மாவட்டத்தில், முதியவர் ஒருவரின் நிலத்தைப் பருவக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். டிசம்பர் மாத அந்தி. புதர்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்த மானை நோக்கி பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டோம். காயமடைந்த மான் பாய்ந்து மறைந்தது. கைவிளக்குடன் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து சென்றோம். பாறைப் பகுதியில் தடம் அற்றுப்போயிற்று. விடிந்த பிறகு, ஓடை நீரில் மூழ்கிக் கிடந்த அதைக் கண்டோம்.

வேட்டையைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளும் நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கங்களும் ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளன. அம்பு பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால், அதைக் கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. ஆகவே அதை உண்ணக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நாங்கள் உண்ணவில்லை. நிலத்துக்காரர் கேட்டார், அவரிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையுடன் வீடு திரும்பினோம். எங்களை உறுத்தியது இறைச்சி போனதன்று. இரவு முழுவதும் ஓர் உயிர் எங்கள் கைப்பிழையால் துன்புற்றிருக்கிறது என்பதே.

“நடமாடும் மானை இனிச் சுடாதீர்கள். அது நின்று தின்னும் இடத்தை நீங்களே உண்டாக்குங்கள்” என்றார் அந்த முதியவர். இவ்வாறுதான் தீனித்தொட்டி எங்கள் வாழ்வுக்குள் வந்தது. இங்குள்ளோர் அதை ஃபீடர் என்பார்கள். சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ மக்காச்சோளம் இட்டு மானை வரவழைத்து வேட்டையாட டெக்சாஸ் சட்டம் இடமளிக்கிறது; இதைத் தடை செய்த மாநிலங்களும் உண்டு.

முதலில் மிக எளிய தொட்டி ஒன்றைச் செய்தோம். ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயை ஐந்தடி நீளத்துக்கு அறுத்து, அடியில் ‘ஒய்’ வடிவ இணைப்பைப் பொருத்தி, அதன் கீழ்முனையை மூடியால் அடைத்தோம். மேல்முனைக்குக் கழற்றக்கூடிய மூடி. சாய்ந்த வாய், மானின் தலை உயரத்துக்கு, தரையிலிருந்து மூன்றடி மேலே இருக்கும்படி ஓக் மரத்தில் பட்டையால் கட்டினோம். மேலே சோளத்தைக் கொட்டினால், தின்னத் தின்ன அது தானாகவே கீழிறங்கும். ஓர் பிற்பகலில் வேலை முடிந்தது. பெருமிதத்துடன் திரும்பினோம்.

அடுத்த வாரம் சென்றபோது பெருமிதம் கலைந்தது. ரக்கூன்கள் குழாய்க்குள் கைவிட்டுச் சோளத்தை அள்ளியிருந்தன. கீழே சிந்தியதைத் தேடிவந்த காட்டுப்பன்றிகள் மரத்தடியை உழுதுபோட்டிருந்தன. எஞ்சிய சோளம் மழையில் நனைந்து, பச்சை நிறப் பூஞ்சை பிடித்திருந்தது. இத்தகைய பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். அது மானைவிடச் சோளம் பொறுக்க வரும் வான்கோழிகளையும் காடைகளையும் கடுமையாகத் தாக்கும். வேட்டைக்கு உரியதல்லாத உயிருக்கும் எங்கள் குழாய் கேடு விளைவிக்கும் என்று அன்றுதான் உணர்ந்தோம். முழுவதையும் அகற்றிப் புதைத்தோம்.

இரண்டாவது தொட்டிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஐம்பத்தைந்து காலன் கொள்ளளவுள்ள இரும்புப் பீப்பாய் ஒன்றை வாங்கினோம். உணவுப்பொருள் அடைத்திருந்த பீப்பாய்தானா என்று விசாரித்த பின்னரே வாங்கினோம். இரசாயனம் இருந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உதவாது. மூன்று இரும்புக் குழாய்களைக் கால்களாக்கி, ஆளுயரத்தில் நிறுத்தி, காற்றுக்குச் சாயாதபடி முளை அடித்துக் கட்டினோம். அடியில் துளையிட்டுப் புனல் பொருத்தி, அதன்கீழ் மின்கல மோட்டாரில் சுழலும் தட்டு ஒன்றை அமைத்தோம். புனலுக்கும் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளி. தட்டு நிற்கும்போது சோளம் தேங்கி நிற்கும். சுழலும்போது வட்டமாகச் சிதறும். நேரத்தைக் கட்டுப்படுத்த டைமர், மின்கலத்துக்குச் சிறு சூரியத் தகடு, ரக்கூன் கை நுழையாதிருக்க மோட்டாரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. பன்றிகளைத் தடுக்கத் தொலைவில் வட்டமாக, மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் கம்பிவேலி. மான் அதைத் தாண்டிவிடும், பன்றியால் இயலாது.

காலையில் ஃபஜ்ருக்குப் பின் வெளிச்சம் வந்ததும் ஒருமுறை, மாலையில் அஸருக்குப் பின் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஆறு விநாடிகள் என்று டைமரை அமைத்தோம். குறைவாக இடுவதற்குக் காரணம் உண்டு. இலையும் தழையும் தின்று பழகிய மான் திடீரென மிகுதியாகச் சோளம் தின்றால், அதன் இரைப்பையில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். மேலும், மான்கள் ஒரே இடத்தில் வாய்வைத்துத் தின்னும்போது நோயும் பரவும். மூளையை அழித்து மானை மெலியச் செய்து கொல்லும் நாட்பட்ட நோய் ஒன்று 2012இல் டெக்சாஸிலும் கண்டறியப்பட்டது. வாய்வைத்துத் தின்னும் குழாயை நாங்கள் கைவிட்டதற்கு அதுவும் காரணம்.

தொட்டி பயன் தந்தது. எண்பது கஜத் தொலைவில், அசையாமல், பக்கவாட்டில் நின்ற மானை ஒரே தோட்டாவில் வீழ்த்தினோம். உயிர் எஞ்சியிருந்தால் அறுப்பதற்குக் கூர்மையான கத்தியுடன் விரைந்தோம். உயிர் இருந்தது, அறுத்தோம். துப்பாக்கித் தோட்டாவால் மட்டுமே இறந்த பிராணியைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது; எனவே அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம். அறுக்கும்போதும் நேர்த்தியைக் கடைப்பிடித்து, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன நபிமொழிக்கு இந்தத் தொட்டி துணைநிற்கிறது என்று எண்ணி மனம் ஆறியிருந்தோம்.

அந்த ஆறுதலை எங்கள் பத்து வயது மகளின் கேள்வி கலைத்தது. தொட்டியருகே மாட்டியிருந்த தானியங்கிக் கேமராவின் படங்களை அவள் நாள்தோறும் பார்த்துவந்தாள். காது கிழிந்த ஒரு பெண்மானை அடையாளம் வைத்திருந்தாள்.

“வாப்பா, நாமே தீனி வைத்துக் கூப்பிட்டோம். அது நம்பி வந்தது. பிறகு கொல்லலாமா?”

“தூண்டிலில் இரை வைத்து மீன் பிடிக்கிறோமே, அது போலத்தானம்மா” என்றார் அவளுடைய வாப்பா.

“மீன் தினமும் வந்து பழகாதே, உம்மா?” என்று அவள் என்னை நோக்கித் திரும்பினாள்.

எங்கள் இருவரிடமும் விடை இல்லை. அன்றிரவு ஸூரத்துல் மாயிதாவின் வசனங்களை இருவரும் சேர்ந்து ஓதினோம். வேட்டை ஆகுமானதாக்கப்பட்டதும் அதே அத்தியாயத்தில்தான். இஹ்ராமில் இருப்பவர்களை, கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணியை வரச்செய்து அல்லாஹ் சோதிப்பான் என்பதும் அதில்தான். அது இஹ்ராமுக்கு உரிய சட்டம் என்பதை அறிவோம். ஆயினும் ஒன்று மனத்தில் தைத்தது: பிராணி எட்டும் தொலைவில் வந்து நிற்பது வசதி மட்டுமன்று, அது சோதனையும்கூட. தொட்டி செய்ததன் மூலம் நாங்களே அந்தத் தொலைவைக் குறைத்திருக்கிறோம். அப்படியானால் எங்கள் பொறுப்பும் கூடுகிறது.

மகளிடம் உண்மையைச் சொன்னோம். “இது விருந்து அல்ல, தர்மமும் அல்ல. வேட்டையின் ஒரு பகுதி. அதை வேறு பெயரால் அழைத்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.” அவள் சற்று நேரம் யோசித்தாள். “அப்படியென்றால் தர்மத்துக்கு ஓர் இடம் தனியாக வைப்போம்” என்றாள்.

அந்தக் கோடையில் மற்றொரு பீப்பாயைக் குறுக்காக அறுத்து, நிலத்தின் மறுகோடியில் நீர்த்தொட்டி அமைத்தோம். தீனியைவிடக் கோடையில் உயிர்களுக்குத் தேவை நீர். சிறு பறவைகள் மூழ்கிவிடாதிருக்க உள்ளே கற்களைப் படிக்கட்டுப் போல அடுக்கியவள் எங்கள் மகள். அதைச் சுற்றி இருநூறு கஜத்துக்குள் துப்பாக்கி ஏந்துவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். கன்றுடன் வரும் மானைச் சுடுவதில்லை. ஒரு குளிர்காலத்துக்கு ஒரு மானுக்கு மேல் எடுப்பதில்லை. இறைச்சியில் ஒரு பங்கு அண்டை வீட்டாருக்கு. இவையும் எங்கள் வீட்டு விதிகள் ஆயின.

மகள் இன்றுவரை மானிறைச்சி உண்பதில்லை. நாங்கள் வற்புறுத்துவதும் இல்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்லாதே என்று மட்டும் கற்பித்திருக்கிறோம். “ஹராம் என்று சொல்லவில்லை உம்மா, எனக்கு வேண்டாம்” என்கிறாள். காது கிழிந்த மான் சென்ற மாதம் நீர்த்தொட்டியருகே கேமராவில் தெரிந்தது. இந்த நவம்பரில் அது தீனித்தொட்டிக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். வேறொரு மானுக்காகக் காத்திருப்போம் என்று வாக்களித்திருக்கிறோம்.

எங்கள் எண்ணத்தையும் செயலையும் அல்லாஹ் சீராக்குவானாக. வல்லாஹு அஃலம்.