கடல் சூழ்ந்த நாட்டில் நீந்தத் தெரியாப் பிள்ளைகள்

சாகசப் பிரயாணம் என்றதும் எம் மாணவரின் மனம் அந்தீசு மலைக்கும் அமேசன் ஆற்றுக்கும் பறந்துவிடுகிறது. அந்நாடுகளைக் காண விரும்புவதில் தவறில்லை. ஆயின், உலகறிந்த சாகசம் நமது வடகரையிலேயே நிகழ்ந்ததென்பதை அவருட் பலர் அறியார்.

1954 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி நம் வடகரையில் இறங்கித் தமிழகத்துக் கோடிக்கரையை நோக்கி நீந்தினார். இடையே கிடப்பது முப்பது மைலுக்குக் குறையாத கடல். ஏறக்குறைய 27 மணி நேரம் நீந்திக் கரையேறிய அவரே பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல்வரானார். 1875 இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்த மத்தியூ வெப்புக்கு 22 மணி நேரம் கூட ஆகவில்லை என்பதை இங்கே ஒப்புநோக்கலாம்.

1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் இந்நீரிணையை 51 மணி நேரத்தில் நீந்திச் சென்று மீண்டும் வந்தார். அவர் இறங்கியதும் மார்ச் மாதத்திலேதான். வாடை ஓய்ந்து சோளகம் வலுக்குமுன் கடல் அடங்கியிருக்கும் பருவம் அது. வீரம் என்பது காலமறிந்து இறங்குவதுமாகும்.

இத்தகையோரைப் பெற்ற மண்ணின் இன்றைய நிலை யாது? எம் வகுப்பில் நீந்தத் தெரிந்தோர் கையுயர்த்துமாறு ஒருநாள் கேட்டோம். நாற்பது பேரில் உயர்ந்த கைகள் ஆறு. அவற்றுள் ஐந்து கரையோரக் கிராமத்துப் பிள்ளைகளுடையவை.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. கிணற்று நீரே நமக்கு வாழ்வு. போர்க்காலத்திலோ கடலே பல்லாண்டுகள் அடைத்த கதவாயிற்று. 2009 இல் போர் முடிந்தும் பெற்றோரின் அச்சம் நீங்கவில்லை. சில ஆண்டுகளின் முன் வெளியூர்க் குளமொன்றிற் சறுக்கி வீழ்ந்து எம் மாணவனொருவன் மாண்டான். அவன் வீட்டிலிருந்து கடல் இரண்டு மைல்தான். "தண்ணிப் பக்கம் போகாதை எண்டு சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தனான், மாஸ்டர்" என்று அழுத தாய்க்கு நாம் கூற மறுமொழி இருக்கவில்லை.

தடுப்பது காப்பதாகாது, பழக்குவதே காப்பாகும். கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக நன்னீர்க் கேணிகள் உள. நீந்தத் தெரிந்த மூத்தோர் துணைநிற்க, வாழைக்குற்றியைப் பற்றிக்கொண்டு நம் முன்னோர் பழகிய கலையை நம் ஆண்மக்களும் பெண்மக்களும் அங்கே பழகலாம். கடலில் இறங்குமுன் நீரோட்டம் அறிந்த கடற்றொழிலாளரைக் கேட்டல் வேண்டும். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது ஆனந்தனே உயிர் நீத்தார். அத்தகைய வீரரையும் கொள்ளவல்லது கடல் என்பதை மறத்தலாகாது.

எல்லோரும் நீரிணையைக் கடக்க வேண்டியதில்லை. தவறி வீழ்ந்த பிள்ளை பத்து முழம் நீந்திக் கரை சேர்ந்தாற் போதும். வருகின்ற சித்திரை விடுமுறையில் அதனைத் தொடங்குவோமாக.